கடற்கரைப் பாதையில் கழன்ற செயின்

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதுக் கடற்கரைப் பாதையில் வழக்கம்போல் நடந்தேன்.

முன்னால் போன சிறுமியின் சைக்கிள் செயின் கழன்றது. குனிந்து மாட்டிவிட்டேன்.

"ஜஸாகல்லாஹ் மாமா" என்று நன்றி சொன்னாள்.

பின்னால் சைக்கிளில் வந்த அவளுடைய வாப்பாவை நிமிர்ந்து பார்த்தால், என் தம்பி. நாவிதன்வெளி வயலைப் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அவன் மகளை இவ்வளவு கிட்டத்தில் இன்றுதான் கண்டேன்.

"மாமா இல்ல மகள், பெரியவாப்பா" என்று சொல்வான் என நின்றேன். நானும் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வாய்க்கால் ஓரத்து நல்ல பூமியை எடுத்தவன் அவன். அவனே முதலில் பேசட்டும்.

அவன் அவளிடம் சொன்னான்: "மாமாட கையெல்லாம் கிரீஸ். டிஷ்யூ ஒண்டு குடு மகள்."

வாங்கித் துடைத்தேன். இருவரும் கடலைப் பார்த்தபடி போய்விட்டார்கள்.

சவர்க்காரம் போட்டும் கிரீஸ் போகவில்லை. எதனால் போகும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.