கஞ்சி ஆற்றும் மூச்சு

என் மேசை இழுப்பறையில் ஓர் இரும்பு ஊதுகுழல் கிடக்கிறது. ஒரு முனை கரிபிடித்துக் கறுத்திருக்கும், மறுமுனை உதடு பட்டுப் பட்டு வழவழத்திருக்கும். செஞ்சியில் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் சத்துணவுக் கூடத்தில், கேஸ் அடுப்பு வரும்வரை சமையலக்கா இதை வைத்துத்தான் விறகு எரித்தார். எல்லோருக்கும் அவர் சமையலக்காதான். புகை மண்டினால் நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுவோம். அவர் ஓட முடியாது, சோறு அடிப்பிடித்துவிடும்.

ஐம்பது தாண்டியதும் அவருக்கு இருமலும் இளைப்பும் வந்தன. குடத்தைத் தூக்கினாலே நெஞ்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். "பீடி குடிக்கிறவனுக்கு வர்ற நோவு எனக்கு எப்டி சார் வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார். அடுப்புப் புகையும் அதே வேலையைச் செய்யும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினம் ஏழெட்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த நான் சட்டைப் பையைக் கையால் மறைத்துக்கொண்டேன். போன நுரையீரல் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு நன்றாகவே வாழலாம் என்பதும் டாக்டர் சொன்னதுதான். அக்காவின் கவலையோ வேறு. வருடா வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் கமலக்கண்ணியம்மன் கோயில்வரை ஏறுவார். ஓய்வு பெறும் வருடமும் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

எங்கள் பக்கம் மருந்துச் சீட்டு என்றால் வாத்தியாரிடம்தான் வரும். நானும் மேதாவிபோலப் படித்துவிட்டு, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்ட்டுட்டுப் போடுங்கக்கா" என்றேன். ஒரு மாதமாகியும் இளைப்பு குறையவில்லை. ஒருநாள் என் கண்ணெதிரே கேப்சூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மருந்து டப்பாவில் இருந்த ஆங்கில எழுத்தை அப்போதுதான் படித்தேன்.

"கூடவே ஒரு கருவி குடுத்திருப்பாங்களே, எங்கக்கா?"

"அது புத்தம் புதுசு சார். பத்திரமா பீரோல வச்சிருக்கேன்."

கருவிக்குள் போட்டு மூச்சோடு இழுக்க வேண்டிய மருந்து அது. ஆஸ்பத்திரியில் செய்துகாட்டித்தான் இருக்கிறார்கள். அவர் என் பேச்சை நம்பி ஒரு மாதம் முழுங்கியிருக்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாளே நானே கூட்டிப்போனேன். நர்ஸம்மா மறுபடி செய்துகாட்டி, இழுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொன்னார். மூச்சு முட்டினால் மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெள்ள விடவும் பழக்கினார். அக்கா பழக்க தோஷத்தில் புஸ்ஸென்று ஊத, "அடுப்ப ஊதாதீங்கக்கா, சுடு கஞ்சிய ஆத்துங்க" என்று நர்ஸம்மா சிரித்தார். அதன்பிறகு அக்கா ஒரு வேளை மருந்தைக்கூடத் தவறவிடவில்லை. சாயங்காலம் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடக்கவும் ஆரம்பித்தார்.

ஓய்வு பெறும் வருடம் கோட்டைக்குப் போன அன்று பத்துப் படிக்கொரு தரம் நின்று, கஞ்சி ஆற்றி, நிதானமாக ஏறினார். துணைக்குப் போன எனக்குத்தான் பாதியில் நாக்கு தள்ளியது. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சார் நீங்க உக்காந்துட்டீங்க? ஒதட்டக் குவிச்சி ஊதுங்க, கஞ்சி ஆத்துறாப்ல."

ஊதினேன். அவருக்குப் பின்னால் ஏறினேன். கோயில் வாசலில் பிள்ளைகள் "அக்கா வந்துட்டாங்க!" என்று கத்தியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகளை எண்ணத் தொடங்கினார்.

ஓய்வு பெற்ற அன்று இந்த ஊதுகுழலை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "பொகைய நான் உட்டுட்டேன். நீங்களும் உடுங்க சார்."

போன வாரம்கூட அவரைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். பையைத் தானே தூக்கிக்கொண்டு, வழியில் நின்று ஒருமுறை கஞ்சி ஆற்றிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து ஊதுகுழலைத் தொட்டுப் பார்த்தேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் என் சிகரெட் பெட்டி இருக்கும்.