மாத்ராஜி பாபுவின் விரதம்

பவானிபூரில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரைத் தாண்டி வரும் அப்பாவின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவது என் ஏழாவது வயதில் வழக்கமாக இருந்தது. ஆபீசிலிருந்து வந்ததும் அப்பா கைகால் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, அடுத்த வீட்டு முன்னறைக்குப் போய்விடுவார். அங்கே நாலைந்து பேர் கூடிச் சீட்டாடுவார்கள். விளக்குச் சுடர் என் கண்ணில் இரண்டாகி, நாலாகி, மங்கும் நேரத்தில், எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து எழுவதுபோல அந்தச் சிரிப்பு வரும். அது வந்துவிட்டால் உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த வீட்டுக்காரரை நான் ஜேட்டாமொஷாய் என்றும் அவர் மனைவியை ஜேட்டிமா என்றும் கூப்பிடுவேன். வங்காளத்தில் அது பெரியப்பா, பெரியம்மா. ஜேட்டாமொஷாய்க்கு அப்பாவின் ஆபீசில்தான் வேலை. தங்கமான மனிதர். ஆனால் காலையில் அவர் காதில் விழுந்தது மாலைக்குள் தெருமுனைப் பால்காரனுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் வீட்டில் சாதம் சாப்பிடக்கூடாது, இனிப்பு சாப்பிடலாம் என்பது எங்கள் வீட்டு ஆசாரம். இந்த எல்லையை வகுத்தவர் அப்பா. வகுத்த காலத்தில் அவருக்கு ரசகுல்லா மிகவும் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அப்பா இளைத்துப்போனார். தர்மதலாவில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு நீரிழிவு என்றார். இனிப்பு அறவே கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, சாதம் ஒரு பிடி, விடியற்காலையில் மைதானத்தில் நடை. இது ஆபீசில் தெரிந்தால் உடம்பு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா பயந்தார். ஆபீசில் தெரியக்கூடாது என்றால் ஜேட்டாமொஷாய்க்குத் தெரியக்கூடாது. இவை யாவும் நான் பெரியவளான பிறகு அறிந்தவை. அன்று எனக்குச் சொல்லப்பட்டது, அப்பா விரதம் இருக்கிறார் என்பது மட்டுமே.

ஜேட்டிமாவிடமும் அப்பா அதையே சொன்னார். அவள் நீட்டிய தட்டுக்குக் கைகூப்பி, பெருமாளுக்கு ஒரு பிரார்த்தனை, இனிப்பைத் தொடுவதில்லை என்றார். சுலபமாகத் தப்பித்ததாக நினைத்திருப்பார். ஆனால் மீனை விட்டவர்களை அந்தத் தெரு நிறையப் பார்த்திருந்தது. இனிப்பை விட்டவரை அதுவரை பார்த்ததில்லை.

மதராஸ்காரர் என்பதால் தெரு மாத்ராஜி பாபு என்று கூப்பிட்ட அப்பா சாதாரண மனிதர் இல்லை என்ற பேச்சு பரவியது. பரீட்சைக்குப் போகிற பையன்கள் வாசலில் நின்று அவர் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அப்பா உள்ளே வருவதைப் பார்த்ததும் சீட்டுக்கட்டு மெத்தைக்கு அடியில் போயிற்று. ஹூக்கா கதவுக்குப் பின்னால் போயிற்று. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து கடவுளைப் பற்றிப் பேசினார்கள். அந்த விஷயத்தில் அப்பாவுக்குச் சொல்ல அதிகம் இருக்கவில்லை. அவர் சீக்கிரம் வீடு திரும்ப ஆரம்பித்தார். பிறகு போவதையே நிறுத்திவிட்டார்.

வீட்டிலோ அம்மா யாருக்குமே இனிப்பு செய்வதில்லை. சர்க்கரை டப்பா மூடியபடி அலமாரியில் இருந்தது. அப்பா ஒரு சின்னக் கிண்ணத்தில் சாதத்தை அளந்து, விரலால் மேலே மட்டம் தட்டி, இலையில் போட்டுக்கொள்வார். சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். கன்னம் மறுபடி கொஞ்சம் நிரம்பியது. டாக்டர் கூட மெச்சிக்கொண்டாராம். ஆனால் சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை; எனக்குத் தூக்கம் வரவில்லை.

"பத்தியம் சாப்பாட்டுக்குத்தானே சொன்னார் டாக்டர்? பேச்சுக்குமா?" என்று அம்மா ஒருநாள் கேட்டது என் காதில் விழுந்தது.

"போனா தட்டு வரும். வேண்டாம்னா கால்ல விழறா. நான் எங்கேதான் போய் உட்கார்றது, சொல்லு!" என்றார் அப்பா.



துர்க்கை பூஜை நெருங்கியது. காற்றில் ஷியூலி என்கிற பவளமல்லியின் வாசனையும், எங்கிருந்தோ தாக் மேளத்தின் ஓசையும் மிதந்து வந்தன. வெயில், தேன் தடவியதுபோல மாடிகளின் மேல் படர்ந்திருந்தது. அம்மா மாடியில் வடாம் எடுத்துக்கொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜேட்டிமா வந்து நின்றாள். அம்மாவுக்கு வங்காளம் தெரியாது, ஜேட்டிமாவுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதவியில் எனக்குக் கர்வமும் உண்டு. அன்று அம்மா, "நீ கீழே போய் விளையாடு" என்றாள்.

நான் மாடிப்படித் திருப்பத்தில் நின்று பார்த்தேன். அம்மா மூன்று விரலைக் குவித்து எதையோ தூவுவதுபோல் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினாள். ஜேட்டிமாவும் அதேபோல் தூவிக் காட்டி, கையை ஆட்டினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் உதட்டில் விரல் வைத்தார்கள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஜேட்டிமா வீட்டில் சர்க்கரை இல்லை. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. பாவம், பூஜை நாளில்!

விஜயா என்கிற விஜயதசமி அன்று துர்க்கையை ஆற்றில் விட்டுவிட்டு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை வணங்கி இனிப்பு வாங்கிச் சாப்பிட வேண்டும். அன்றைக்குப் போகாவிட்டால் அது பகை. அப்பா புது அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, பல் பிடுங்கப் போகிறவர் முகத்தோடு எங்களை அழைத்துக்கொண்டு போனார். முன்னறை நிறைய ஆட்கள். ஜேட்டிமா பித்தளைத் தட்டில் பாலைத் திரித்துச் சங்கு வடிவத்தில் பிடித்த ஒரே ஒரு சந்தேஷ் இனிப்பைக் கொண்டுவந்து அப்பா முன்னால் நீட்டினாள். எல்லோர் கண்ணும் தட்டின் மேல்.

"கின்னி, அவர் விரதக்காரர், தெரியாதா உனக்கு?" என்று மனைவியிடம் பதறினார் ஜேட்டாமொஷாய்.

"தாயோட பிரசாதத்துக்கு என்ன விரதம்? நீங்க சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, ஜேட்டிமா அப்பாவைப் பார்த்தாள். "நானே கையால செஞ்சது மொஷாய். சாப்பிடுங்க."

அப்பாவின் நெற்றியில் வேர்வை. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா லேசாகத் தலையசைத்தாள். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது ஜேட்டிமாவைப் பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

"அடே, சாமியார் சிரிக்கிறாரப்பா!" என்று கூவினார் ஜேட்டாமொஷாய். "எடு சீட்டை! எத்தனை நாளா ஆள் குறைச்சல்!"

அப்பா மீதியில் ஒரு துண்டை என் வாயில் ஊட்டினார். ஏலக்காய் மணந்தது, பால் மணந்தது, இனிப்பு மட்டும் இல்லை. "இதுல..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். ரகசியம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் டப்பாவிலிருந்து ஒரு டம்ளர் சர்க்கரையை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்து ஜேட்டிமாவிடம் கொண்டுபோனேன்.

"ஓ மா! இது எதுக்குடி கண்ணு?"

"வச்சுக்கோங்க ஜேட்டிமா. உங்காத்துல இல்லேன்னு நான் யார்கிட்டேயும் சொல்லலை."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். சிரிக்கவில்லை. என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, சர்க்கரையைக் கொட்டிக்கொண்டு, டம்ளரைக் கழுவி அதில் இரண்டு சந்தேஷ் வைத்துக் கொடுத்தாள். "இது உன் அப்பாவுக்கு" என்றாள். வழியில் ஒன்றின் ஓரத்தைக் கடித்துப் பார்த்தேன். இனிக்கவில்லை.

அப்பா பழையபடி மாலையில் சீட்டாடப் போனார். அவருக்கென்று ஒரு தட்டு வந்தது. அதில் இருந்ததைத் தயங்காமல் சாப்பிட்டார். நானும் அவ்வப்போது டம்ளரை நிரப்பிக்கொண்டு போனேன். ஜேட்டிமா ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தேஷும் ஒருமுறைகூட இனிக்கவில்லை. இவ்வளவு சர்க்கரையும் அந்த வீட்டில் எங்கேதான் போகிறது என்று, விளக்குச் சுடர் இரண்டாகி, நாலாகி மங்கும்வரை படுத்துக்கொண்டு யோசிப்பேன். விடை கிடைப்பதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து அப்பாவின் சிரிப்பு வந்துவிடும், நான் தூங்கிப்போவேன்.