சம்பந்தியிடம் சொல்ல வேண்டிய ஒரு வரி

அந்த அச்சகத்தில் அவரை எல்லோரும் ஒற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விட்டுப்போன ஒற்று, ‘க்’கோ ‘ச்’சோ, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிற வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாள்கள்தான் அங்கே அதிகம் அச்சாகும். சேர்ந்த மூன்றாம் வருடம் அவர் திருத்திய ஒரு தாளில் ‘உணவுக்கு முன்’ என்று இருக்க வேண்டியது ‘உணவுக்குப் பின்’ என்று வந்துவிட்டது. கட்டுகளை வண்டியில் ஏற்றும் நேரத்தில் பைண்டர் பார்த்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று பிடித்த பயம் ஒற்றக்காவை விடவேயில்லை. அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். மகளுக்கு ஒரு வரி செய்தி அனுப்பி முடிப்பதற்குள் பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும்.

மகள் வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில் ஸ்பானிஷ் பேசுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளையின் அம்மாவை ஒற்றக்கா ஒரே தடவை, கல்யாணத்தின்போது நாலு நாள் பார்த்ததோடு சரி. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் ஒற்றக்காவுக்குக் கால் வீங்கிப்போன அன்று, அந்த அம்மா தன் அகலச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்தார். அதை மறக்க முடியுமா?

அந்தச் சம்பந்தியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்தது, சனிக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் பார்க்கலாம் என்றாள் மகள்.

“நீ தமிழ்லயே பேசும்மா. நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்.”

“ஒரு வரியாவது என் வாயால சொல்லணும்டி. உடம்பு தேறணும்னு எப்படிச் சொல்றது?”

மகள் தன் குரலில் பதிவு செய்து அனுப்பினாள். “எஸ்பேரோ கே சே சியென்தா மெஹோர்.” நீங்கள் இன்னும் நலமாக உணர வேண்டும் என்று விரும்புகிறேன், என்று பொருள். ‘சே’ என்பது ‘தன்னை’ என்பது போல வினையோடு ஒட்டி வருகிற குட்டிச் சொல். இருக்கிற நிலையைச் சொன்னால் ‘சே சியென்தே’. இப்படி ஆகட்டும் என்று விரும்பிச் சொன்னால் வால் மாறி ‘சே சியென்தா’.

“ரொம்ப சுலபம்மா. ஆசைப்பட்டுக் கேக்கறோம் இல்ல? அதனால ‘தா’ன்னு ஞாபகம் வச்சுக்க.”

அதோடு விட்டிருந்தால் நிம்மதி. சரிபார்க்காமல் இருந்தால் அவர் ஒற்றக்காவா? நூலகத்திலிருந்து ஒரு ஸ்பானிஷ் இலக்கணப் புத்தகம் எடுத்து வந்து புரட்டியதில் வந்தது வினை. ‘உட்கார்’ என்ற வினைக்கும் இதே ஒலிதான், ஆனால் வால் அப்படியே தலைகீழாகப் போகிறது. அங்கே இருக்கிற நிலைக்கு ‘தா’, விருப்பத்துக்கு ‘தே’. ஆக, வாய் தவறி ‘சியென்தே’ என்று வந்துவிட்டால், ‘நீங்கள் இன்னும் நன்றாக உட்கார வேண்டும்’ என்று ஆகிவிடும். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறவரிடம்!

வாரம் முழுக்க வாய் அந்த வரியையே மென்றது. மேஜையில் தாளைப் பார்த்துக்கொண்டே “சே... சே...” என்று முணுமுணுத்தார்.

“யார் மேலக்கா இவ்வளவு கோவம்?” என்றார் பைண்டர்.

“கோவம் இல்லப்பா, பயம்.”

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். “தான்னா என்ன, தேன்னா என்ன? அந்தம்மா மார்க்கா போடப் போறாங்க?”

“ஒரு எழுத்துதானேன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க.”

சனிக்கிழமை மூன்றரைக்கே தலைவாரி உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் பேனாவால் ‘தா’ என்று எழுதிக்கொண்டார். நாலு மணிக்கு மகள் முகம் வந்தது. பிறகு மருத்துவமனைக் கட்டில், தலையணையில் சம்பந்தியம்மாவின் வெளுத்த முகம். அவர் கையசைத்தார். ஒற்றக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளங்கையைப் பார்த்தார். வியர்வையில் துணைக்கால் அழிந்து வெறும் ‘த’தான் மிச்சமிருந்தது.

“எஸ்பேரோ கே சே... சியென்தே மெஹோர்.”

சொன்ன மறுநொடியே தெரிந்துவிட்டது. சம்பந்தியம்மாவின் புருவம் ஏறியது. ஏதோ மளமளவென்று சொன்னார். கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா? மகளின் போன் எங்கோ சாய்ந்து கூரை மட்டும் தெரிந்தது. யாரோ ‘ஆ’வென்று கத்தினார்கள். இணைப்பு அறுந்தது.

ஒற்றக்கா திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஐந்து தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

“ஏங்க, நான் உட்காரச் சொல்லிட்டேங்க. அவங்க எழுந்திருக்கப் போய் எலும்பு மறுபடி...”

“சும்மா இரு. நீ சொன்னா உடனே எழுந்துடுவாங்களா?” என்றார் வீட்டுக்காரர். ஆனால் வெட்டிக்கொண்டிருந்த நகத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம். ஒற்றக்கா கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். பாலை அடுப்பில் வைத்தார், பொங்க விட்டார், துடைத்தார். போன் அடித்ததும் ஓடிப்போய் எடுத்தார்.

“அம்மா, பயப்படாத.”

“விழுந்துட்டாங்களா?”

“இல்லம்மா, உட்கார்ந்தாங்க! மூணு நாளா டாக்டர் சொல்றாரு, பிசியோதெரபிஸ்ட் கெஞ்சறாரு. உட்கார்ந்தாத்தான் ரத்த ஓட்டம் சரியாகும்னு. வலிக்கும்னு பயந்து மாட்டேன் மாட்டேன்னு படுத்தே கிடந்தாங்க. நீ சொன்னதும் சிரிப்பு தாங்கல. ‘கடல் தாண்டி இருக்கற சம்பந்தியையும் சேர்த்துக்கிட்டீங்களா?’ன்னு எங்களத் திட்டிட்டு, தூக்குங்கன்னு கையை நீட்டிட்டாங்க.”

“அப்ப அந்தக் கத்தல்?”

“வலிக்காம இருக்குமா? போனைப் போட்டுட்டுத்தான் நானும் உன் மாப்பிள்ளையும் பிடிச்சோம். நாலு நிமிஷம் உட்கார்ந்தாங்க. தலை சுத்துதுன்னு இப்ப படுக்க வச்சிருக்கோம்.”

“தலை சுத்திச்சா? ஐயோ, டாக்டர் பார்த்தாரா?”

“பார்த்தாரு. நல்லதுன்னுட்டாரு.”

வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஒற்றக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் சொல்ல வந்தது அது இல்லடி. தப்பாச் சொல்லிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடு.”

“முதல்ல அவங்க நல்லபடியா நடக்கட்டும். திருத்தறது அப்புறம் பார்த்துக்கலாம்.”

அடுத்த சனிக்கிழமை சம்பந்தியம்மா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. ஒற்றக்கா மூச்சை இழுத்துப் பிடித்து, வரியைச் சரியாக, ‘தா’வை அழுத்தியே சொன்னார். அந்த அம்மா சாதாரணமாக ஒரு நன்றி சொன்னார். அவ்வளவுதான். வித்தியாசத்தை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நாலுகால் இரும்புப் பிடியைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். செவ்வாய்க்கிழமை அதைப் பிடித்து நடக்க வைக்கப் போகிறார்களாம் என்றாள் மகள்.

ஒற்றக்கா போனை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தார். “தரை ஈரமா இருக்கான்னு பார்த்து நடங்க! அவசரமே வேண்டாம், யாரையாவது பிடிச்சுக்கங்க!” என்று பச்சைத் தமிழில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

மகள் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள், சம்பந்தியம்மா குனிந்து தரையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.