நாலு மணி அமர்வு

செய்தியை எனக்கு முதலில் சொன்னது கல்லூரி அல்ல. காட்டூரில் பஸ் ஏறி உட்கார்ந்த நேரத்தில் அமலி போன் செய்தார். “சார், செண்பகவல்லி மேடம் போயிட்டாங்க. டூட்டி முடிச்சு நேரா ஸ்ரீரங்கத்துல அவங்க வீட்டுக்கு வந்தேன், வாசல் பூரா செருப்பா கிடக்கு. எல்லாம் முடிஞ்சுபோச்சு சார்.”

அமலி தில்லை நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இறந்தவர் எங்கள் விலங்கியல் துறையில் இருபது வருஷம் எனக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றபோதுதான் கல்லூரியின் செய்தி வந்தது. ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று போட்டிருந்தார்கள். ஒரு மாநாட்டுக்கு இரண்டு நாள் மண்டபம் கேட்டவரை ஒரு வருஷம் நடக்கவிட்டவர்களுக்கு இழப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இப்போது அவர் பெயரில் மாநாடு, அதற்கு ஒரு மலர், அதில் எனக்கு ஒரு பக்கம். “நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க சார்” என்றார்கள். நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

அவரோடு பழகிய உங்களுக்கு அவர் ஆராய்ச்சி தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இரவு வேலை அதை என்ன பாடுபடுத்துகிறது என்று மேடம் பார்த்தார். அதற்காக ஊரிலுள்ள நர்ஸுகள் வருஷக்கணக்கில் தூக்கத்தை அளக்கும் ஒரு பட்டையைக் கையில் கட்டிக்கொண்டார்கள். தூங்கிய நேரத்தை நோட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒருமுறை அமலியின் நோட்டை வாங்க அவரோடு நானும் போனேன். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் வீடு. “நைட்டு பார்த்துட்டு வந்து தூங்குறா, எழுப்பட்டுங்களா?” என்று மாமியார் கேட்டார். “வேணாங்க, நாங்க நிக்கிறோம்” என்றார் மேடம். ஒன்றரை மணி நேரம் நின்றோம். நான் முணுமுணுத்ததற்கு, “தூங்குறவங்கள எழுப்பி, நல்லா தூங்குனீங்களான்னு கேக்குறது நியாயமா சார்?” என்றார். வெயில் தாங்காமல் எதிர் ஜவுளிக்கடையில் ஏறினோம். கடைக்காரர் முகத்துக்காக ஆளுக்கொரு பெட்ஷீட் வாங்கினோம். என்னுடையது இரண்டே சலவையில் சாயம் விட்டது.

அந்த நர்ஸுகளை மேடையேற்றி ஒரு மாநாடு நடத்த வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. வெளியூர் விஞ்ஞானிகள் பேசட்டும், கூடவே இவர்களும் அவரவர் நோட்டை வைத்துப் பேசட்டும் என்றார். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதினார். காலை எட்டு மணிக்குத் தொடக்க விழா கிடையாது. பத்து மணிக்குத்தான் ஆரம்பம். முதல் அரை மணி எல்லோரும் வெளியே வெயிலில் நிற்க வேண்டும். நர்ஸுகளின் அமர்வு மாலை நாலு மணிக்கு, இரவு வேலை முடித்தவர்கள் தூங்கி எழுந்து வரட்டும் என்று. நிகழ்ச்சி நிரலில் ‘வெயிலில் நிற்றல்’ என்றே எழுதிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் ‘கலந்துரையாடல்’ என்று போட்டிருப்பார்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். “நிக்கத்தான் போறோம். அதை வேற என்னன்னு எழுதுறது சார்?” என்றார்.

நேர்காணலில் நிதிக்குழு சிரித்தது. அவருக்குத் துணையாகப் போயிருந்த நான் அதை நேரில் கேட்டேன். “இது மாநாடா, பிக்னிக்காம்மா?” என்றார் ஒருவர். உடம்பின் கடிகாரத்தை வெளிச்சம்தான் திருத்துகிறது என்று படித்துப் பட்டம் வாங்கிய மனிதர் அவர். மேடம் பொறுமையாக விளக்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு நாற்காலியைத் தூக்கியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அமலி வேலை பார்க்கும் அதே மருத்துவமனை முழுச்செலவையும் ஏற்பதாகச் சொல்லி அனுப்பியது. ஒரே நிபந்தனை, நாலு மணி அமர்வு வேண்டாம். காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகவிடாமல் அடுத்த ஷிஃப்டிலும் நிறுத்திவைத்த நாட்கள் அந்த நோட்டுகளில் வரிசையாக இருந்தன. கல்லூரியும் அவர்கள் பக்கமே பேசியது.

நானும் பேசினேன் என்பதை இங்கே மறைத்தால் இந்தக் கோபத்துக்கு அர்த்தமில்லை. “ஒரு அமர்வுதானே மேடம், விட்டுக்கொடுங்க, மாநாடாவது நடக்கட்டும்” என்றேன். அவர் கோபப்படவில்லை. “அது போச்சுன்னா மிச்சம் இருக்கிறது சாப்பாடுதான் சார்” என்று சொல்லிவிட்டுக் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்தார். பணி ஓய்வு பெறும்வரை அது அங்கேயே இருந்தது. நான் அப்படிச் சொன்ன நாளிலிருந்து மாநாட்டைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை. அந்த மௌனம் எனக்கு வேண்டியதுதான்.

இப்போது அழைப்பிதழ் வந்திருக்கிறது. செலவு அதே மருத்துவமனையுடையது. மேடத்தின் படத்தைவிட அவர்கள் சின்னம் பெரிதாக இருக்கிறது. தொடக்க விழா காலை எட்டு மணி. நிரலில் ஒரு நர்ஸின் பெயர்கூட இல்லை. ஆனால் குத்துவிளக்கு ஏற்றும்போது யூனிஃபார்மில் தட்டுப் பிடிக்க நாலு நர்ஸுகள் வேண்டுமாம். அதில் ஒருவர் அமலி. முந்தைய இரவு அவருக்கு டூட்டி. “மேடம் பேருல நடக்குது, மாட்டேன்னு எப்படி சார் சொல்றது?” என்று என்னிடம் கேட்டார். தூக்கத்துக்காக வாழ்நாளைக் கொடுத்தவருக்கு, தூங்காத ஒரு பெண்ணை நிற்கவைத்து அஞ்சலி.

மேடத்திடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு தாள். ஓய்வு பெற்ற அன்று கோப்பிலிருந்து உருவி, “நீங்க வச்சுக்கங்க சார்” என்று கொடுத்தார். பழைய நிகழ்ச்சி நிரல் அது. ‘மாலை 4 மணி: அமலி, நர்ஸ். என் நோட்டில் இருப்பது’ என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது.

கல்லூரிக்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. தொடக்க விழாவில் எட்டு மணிக்கு என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். எட்டு மணிக்கு நான் வரமாட்டேன், அமலியும் வரமாட்டார், தூங்கச் சொல்லியிருக்கிறேன். மாலை நாலு மணிக்கு இரண்டு பேரும் நோட்டோடு வருகிறோம். மண்டபத்தைப் பூட்டிவிடாதீர்கள்.