பொரளைச் சுவரோரம் விரித்த பாவு

நான் கல்லூரியில் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால், நான் வாய் திறப்பதற்குள் அம்மா "டெக்ஸ்டைல்" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லும் தோரணையில், நான் ஏதோ ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையை நடத்தப்போகிறவள் என்று கேட்டவர்களுக்குத் தோன்றும். அடுத்த கேள்வி வருவதற்குள் அம்மாவுக்கு அடுப்பில் ஏதாவது அடிப்பிடித்துவிடும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் துணி நெய்தேன். "நெய்யிறாள்" என்ற சொல் மட்டும் அம்மாவின் வாயிலிருந்து வரவே வராது.

"இதுக்கும் ஒரு டிகிரி குடுக்கினமோ?" என்று முதல் வருடம் கேட்டவர், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டு என்ன பிரயோசனம் என்ற அலுப்புத்தான். நானும் அவருக்கு விளக்க மெனக்கெடவில்லை. அந்த வயதில் எனக்குத் தெரிந்த எதுவும் அம்மாவுக்குப் புரியாது என்று முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் கல்லூரியில் மண்பாண்டம், உலோகம், நெசவு என்று மூன்று பட்டறைகள் இருந்தன. கடைசி வருடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு பெரிய வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தனியாகச் செய்து காட்டவேண்டும். நெசவுக்காரருக்கு ஏழு மீற்றர் துணி. நூலுக்குச் சாயம் போடுவதும் நாமே, நெய்வதும் நாமே. ஒரே ஒரு கறாரான விதி இருந்தது: தறியில் ஏற்றிய பாவு, துணியாகி இறங்கும்வரை கத்தரிக்கோல் படக்கூடாது. முதல் விரற்கடையிலிருந்து கடைசிவரை இழுவிசை ஒரே மாதிரி நிற்கிறதா என்பதைத்தான் பரிசோதகர்கள் பார்ப்பார்கள். இடையில் வெட்டினால் ஒரு வருடம் போயிற்று.

போர்க்காலம். நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால் கல்லூரியை மூடிவிடுவார்கள். எத்தனை நாளைக்கென்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் கடைசி வருடக்காரர் சின்னத் தறிகளை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. நாங்கள் இருந்தது ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸ். அறை ஒன்று, குசினி ஒன்று. அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் வேலை. கப்பலில் இடம் கிடைத்தால் வருவார். அவர் வந்தால் படுக்கிற இடத்தில் தறி ஏறிக்கொண்டது. சோறு வடிக்கிற பெரிய பானையில் நான் நூலுக்கு நீலம் போட்டேன். அதன்பிறகு ஒரு மாதம் சோறு வெள்ளையாக இருக்கிறதா என்று அம்மா ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்கள். எனக்கு அறுநூற்று நாற்பது. ஒவ்வொன்றையும் விழுது என்ற மெல்லிய கம்பியின் கண்ணுக்குள்ளால் தனித்தனியாக இழுக்கவேண்டும். தறிக்குப் பின்னால் ஒருவர் இருந்து நூலை எடுத்துக் கொடுக்க, முன்னால் இருப்பவர் கொக்கியை விட்டு இழுப்பார். கல்லூரியில் என்றால் கூடப்படிக்கிறவள் ஒருத்தி இருப்பாள். வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார்.

"தெரியத் தேவையில்லை. ஒவ்வொண்டா எடுத்துத் தந்தாக் காணும்."

நாலு பின்னேரம் பிடித்தது. அம்மா பின்னால் முக்காலியில், நான் முன்னால் நிலத்தில். இடையில் கம்பிகளும் நூல்களும். ஒருவர் முகம் மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்ததெல்லாம் விரல்கள்தான். அம்மா ஒவ்வொரு நூலையும் பிரித்து, சுட்டுவிரலில் ஒருமுறை வழித்து, நுனியை என் பக்கம் நீட்டுவார். வழிக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. அது அவராகச் செய்தது. இரண்டாம் நாள் அம்மா கதைக்கத் தொடங்கினார். முகத்துக்கு முகம் சொல்லாத கதைகள். என்னைச் சுமந்தபோது மாங்காய் பிடிக்காமல் போனது, அப்பாவின் கடிதம் வராத வாரங்களில் பழைய கடிதத்தையே திரும்ப வாசிப்பது. நான் "ம்" மட்டும் கொட்டினேன். வேறு ஏதாவது சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் அம்மாவோடு மிக நெருக்கமாக இருந்த பின்னேரங்கள் அவைதான் என்று இப்போது தெரிகிறது. அன்று கணுக்கால் விறைத்தது மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு மீற்றர் நெய்து முடித்திருந்தபோது வீட்டுக்காரர் வந்து, வீட்டை இடித்து பிளாட்ஸ் கட்டப்போவதாகச் சொன்னார். வெள்ளவத்தையில் அப்போது எல்லோரும் அதைத்தான் கட்டினார்கள். மாத முடிவுக்குள் போகவேண்டும். அலைந்து திரிந்து கொட்டாஞ்சேனையில், ஜிந்துப்பிட்டிக்குப் போகிற பக்கம், ஒரு மேல்மாடியில் இரண்டு அறை கிடைத்தது. மற்றச் சாமான்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பாவு ஏறிய தறியை அவிழ்க்காமல், வெட்டாமல், அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது.

அம்மா பிடித்த லொறி விடியற்காலையில் பேலியகொடையில் மீன் ஏற்றுகிற லொறி. பகலில் வீடு மாற்றுகிறவர்களுக்கு ஓடும். சாரதி நல்ல மனிதர். எங்களுக்காக இரண்டு தரம் கழுவினதாகச் சிங்களத்தில் சத்தியம் செய்தார். மீன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. செவ்வாய், வெள்ளி மட்டுமல்ல, எல்லா நாளும் மரக்கறி தின்கிற அம்மா லொறிக்குள் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்திவைத்தார். நாற்றம் இரட்டிப்பானது.

லொறிகளைக் கோட்டைப் பக்கம் விடமாட்டார்கள் என்பதால் பொரளையால் சுற்றிப் போனோம். மயானச் சுவரோரம் ஆமிக்காரர் மறித்தார்கள். கட்டில், பானை, அரிசி மூட்டை எல்லாம் பார்த்தார்கள். கடைசியாக ஒரு இளம் ஆமிக்காரன் தறியின் பின்பக்க உருளையைத் தட்டி, "மே மொகத?", இது என்ன, என்று கேட்டான். நெய்யாத பாவு அதில்தான் சுற்றியிருந்தது. நூல் அமுங்காமலிருக்கச் சுற்றுக்குச் சுற்று பத்திரிகைத் தாள் வைத்துச் சுற்றியதால் பால்மாப் பேணி அளவுக்குப் பருத்திருந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிரித்துக் காட்டச் சொன்னான். உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாதுதானே.

தறியை இறக்கிச் சுவரோரம் வைத்தோம். நான் தறியடியில் மண்டியிட்டு நூல்களைப் பிடித்துக்கொள்ள, அம்மா உருளையைக் கழற்றி இரண்டு கையாலும் ஏந்தியபடி, பின்பக்கமாக அடி எடுத்து வைத்து நடந்தார். நீலமும் சாம்பலுமாக அறுநூற்று நாற்பது நூல் நடைபாதையின்மேல் விறைப்பாக நீண்டது. தாள்கள் ஒவ்வொன்றாக விழ, ஆமிக்காரன் குனிந்து எடுத்துப் பார்த்தான். நூல் ஓரிடத்திலும் தொய்யவில்லை. அம்மாவின் கை அவ்வளவு உறுதியாக இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

அப்போது ஒரு பெண் பொலிஸ் வந்து என்னைக் கூப்பிட்டார். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் இருக்கிற வீட்டைப் பொலிஸில் பதியவேண்டும். வெள்ளவத்தைப் பொலிஸ் பதிவை அன்று காலையில்தான் ஒப்படைத்திருந்தோம். கொட்டாஞ்சேனையில் இன்னும் பதியவில்லை. அந்தச் சில மணி நேரம் கொழும்பில் எனக்கு ஒரு முகவரியும் கிடையாது. நூல்களைச் சாரதியின் கையில் கொடுத்துவிட்டு எழும்பினேன்.

"அம்மா, பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. என்ன நடந்தாலும் விட்டிடாதேங்கோ."

அம்மா தலையாட்டினார். நான் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த கொட்டிலுக்குள் போனேன். என்ன படிக்கிறாய், ஏன் வீடு மாறுகிறாய், அப்பா எங்கே என்று கேள்விகள். குரலில் கடுமை இல்லை, ஆனால் அவசரமும் இல்லை. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே மரக்கட்டை கல்லில் விழும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் கொட்டில் வாசலில் அம்மா நின்றார். செருப்பில்லை. மூச்சு வாங்கியது. "என்ர பிள்ளை" என்று மட்டும் சொன்னார், அதுவும் தமிழில்.

கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டார்கள். வெளியே வந்து நான் முதலில் பார்த்தது அம்மாவையல்ல, நூலை. உருளை நடைபாதை விளிம்பில் விழுந்து கிடந்தது. அதைச் சுற்றி நூல்கள் சேறும் சிக்குமாகக் கிடந்தன. சாரதி தன் பக்கத்தை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாவமாக நின்றார்.

"ஒரு பத்து நிமிசம் பிடிச்சுக்கொண்டு நிக்க ஏலாதே உங்களுக்கு?" என்று நடுவீதியில் கத்தினேன். "விட்டிடாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனான். உங்களுக்கு இது முதலிலேயிருந்தே பிடிக்காது. இப்ப சந்தோசம்தானே?"

ஆமிக்காரனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா குனிந்து உருளையை எடுத்தார். சேலைத் தலைப்பால் அதில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். அந்தத் துடைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பதினேழு நூல் அறுந்திருந்தது. கொட்டாஞ்சேனைக்கு வந்து சிக்கெடுக்க மூன்று நாள் ஆனது. அம்மா மறுபடி முக்காலியில் இருந்து நூல் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் சுட்டுவிரலில் வழித்துத்தான் கொடுத்தார். ஆனால் கதை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அறுந்தவற்றை முடிச்சுப் போட்டுச் சேர்த்து, உருளையில் திரும்பச் சுற்றி, விட்ட இடத்திலிருந்து நெய்தேன். கடைசி மீற்றரில் அந்த இடம் வந்தது. ஒரு சாண் அகலத்துக்குத் துணி சுருங்கி, நடுவில் முடிச்சுகள் துருத்திக்கொண்டு நின்றன. நீவிப் பார்த்தேன், நனைத்துப் பார்த்தேன். போகவில்லை.

பரிசோதனை நாளன்று அம்மாவும் கூட வந்தார். தனியாக ஒரு பெண் பெரிய பொட்டலத்தோடு பஸ் ஏறினால் வழியில் இறக்கிச் சோதித்துத்தான் ஏற்றுவார்கள், இரண்டு பேர் என்றால் பரவாயில்லை. பட்டறைக்கு வெளியே வாங்கில் அவரை இருத்திவிட்டு உள்ளே போனேன். அந்தச் சாண் அகலம் உள்மடிப்புக்குள் போகிறமாதிரித் துணியை வீட்டிலேயே மடித்துக் கொண்டுவந்திருந்தேன். என் கெட்டித்தனம்.

பரிசோதகர் வயதான சிங்களப் பெண்மணி. துணியை முகத்தருகே கொண்டுபோனார்.

"கருவாடும் கோயிலும் மணக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு மடிப்பை மதிக்காமல், மேசையின் நீளத்துக்கு முழுவதையும் விரித்தார். உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"ஆறு மீற்றருக்கு இவ்வளவு சீராக நிற்கிற கை, இங்கே எப்படி விட்டது?"

நான் தறி பழையது என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் பரிசோதகரின் கை எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தால் போதுமே. எழும்பி உள்ளே வந்துவிட்டார்.

"மகே வெரெத்த, மிஸ்" என்றார், சந்தையில் பழகிய சிங்களத்தில். பிழை என்னுடையது. "மகள் பிடிக்கச் சொன்னாள். நான் கையை விட்டுவிட்டேன். பிள்ளையில் பிழை இல்லை."

பரிசோதகர் அம்மாவைப் பார்த்தார். "ஏன் விட்டீர்கள்?" என்று மெதுவாகச் சிங்களத்திலேயே கேட்டார்.

அம்மா சேலைத் தலைப்பைக் கையில் எடுத்தார். பொரளையில் நின்றமாதிரியே நின்றார். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்கவில்லை. கத்தினேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன், துணியை மடித்து ஒளித்தேன். ஏன் விட்டனீங்கள் என்று மட்டும் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை என்று அந்த நிமிடத்தில்தான் விளங்கியது.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மயானச் சுவர், விரித்த பாவு, பெண் பொலிஸ், மணல்மூட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். பரிசோதகர் துணியை அவரே சுற்றி, என்னிடம் தராமல் அம்மாவின் கையில் கொடுத்தார். அந்த இடத்துக்குப் புள்ளி குறைக்கத்தான் செய்தார். அதில் எனக்கு வருத்தமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவுக்கு யன்னல் சீட் கிடைத்தது. பொட்டலம் மடியில் இருந்தது. கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டார்.

"அவவுக்கு இங்கிலீசில என்ன சொன்னனீ?"

"நீங்கள் ஏன் விட்டனீங்கள் எண்டு சொன்னனான்."

"ஏனாம்?"

"என்னைக் காணேல்லை எண்டு."

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார். பொட்டலத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூல் நுனியைச் சுட்டுவிரலில் எடுத்து, ஒருமுறை வழித்தார்.

"ஓம்" என்றார். "நூலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். நிமிந்து பாத்தா, உன்னைக் காணேல்லை."