அக்கா ஒட்டிய கறுப்புக் காகிதம்

திருவதிகை ஈசனை மனதில் நிறுத்திக்கொண்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் தங்கையாகிய நான் கைகூப்பி எழுதுவது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா அவர்கள் எங்களை விட்டுப் போய் இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம் நிறைகிறது.

"அம்மாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க சித்தி" என்று செல்வி கேட்டாள். செல்வி அக்காவின் ஒரே மகள். நல்லது எழுதுவதற்குக் குறைவே இல்லை. ஆனால் நம் சொந்தத்தில் சிலர் அக்காவுக்குப் பின்னால் "ஜன்னல்காரி" என்று சொல்லிச் சிரித்ததும், "புருஷன் போனதுல புத்தியும் பூடுச்சு" என்று பேசியதும் என் காதில் விழுந்திருக்கிறது. அப்போதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

அக்கா பிறந்தது குறிஞ்சிப்பாடியில், தறி ஓடும் வீட்டில். அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் எனக்குத் தலை பின்னிவிட்டதும் சோறு போட்டதும் அக்காதான். தறியில் ஏற்றும் பாவு நூலுக்கு விறைப்பேற்றக் கஞ்சி காய்ச்சுவதில் எங்கள் தெருவில் அக்காவின் கைக்கு ஈடு கிடையாது. "உன் பொண்ணு கஞ்சி போட்டா நூலு அறுந்தாலும் அறும், கஞ்சி வுடாது" என்று அப்பாவிடம் பெரியப்பா சொல்வார். அக்காவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. வேறு எதற்கும் அவர்கள் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அக்காவை மணந்த மாமா பட்டாளத்தில் இருந்தார். எனக்கு நெய்வேலியில் சுரங்க வேலைக்காரரைப் பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். எழுபத்தொன்றாம் வருஷம் லீவில் வந்திருந்த மாமாவைத் தந்தி கொடுத்துத் திருப்பிக் கூப்பிட்டார்கள். செல்விக்கு அப்போது மூன்று வயது. மாமா அக்காவையும் செல்வியையும் எங்கள் குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் நின்று, "உன் அக்காவப் பாத்துக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம்தான் சொன்னார்.

கார்த்திகை பிறந்ததும், மாமா திரும்பி வருகிறவரை ஒருநாளும் விடாமல் விளக்கு ஏற்றுவதாக அக்கா வேண்டிக்கொண்டார்கள். வாசலில் வரிசையாக அகல் வைத்தார்கள். அப்புறம் எல்லையில் சண்டை மூண்டது. கரண்ட் தயாராகிற ஊர் இது, மேலேயிருந்து குண்டு போட்டுவிடுவான் என்று எல்லோருக்கும் பயம். பொழுது சாய்ந்தால் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது, ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் பிளாக்கில் ஒட்டிய காகிதம் ஒரே நாளில் உரிந்து தொங்கியது. அக்கா ஒரு குண்டான் கஞ்சி காய்ச்சினார்கள். வீடு வீடாகப் போய் ஒட்டிக் கொடுத்தார்கள்.

எதிர்வீட்டுத் தென்காசியம்மா, "ஏம்மா, இந்த ஒட்டு ஒட்டுதியே, சண்டை முடிஞ்சி நான் எப்படிக் கிழிக்கது?" என்று கேட்டதற்கு, "முடியட்டும் தென்காசியம்மா, எங்க வூட்டுக்காரர் வந்து கிழிச்சித் தருவாரு" என்றார்கள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

வாசல் விளக்கு வீட்டுக்குள் வந்தது. ஒரே ஓர் அகல், சாமி படத்துக்குக் கீழே. சண்டை தொடங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, விளக்கேற்றிய கொஞ்ச நேரத்தில், தென்காசியம்மா வீட்டில் மீதி ஜன்னலை ஒட்டக் கஞ்சியோடு கிளம்பினார்கள். செல்வி கூடவே ஓடினாள். "நான் வர்ற வரைக்கும் விளக்கப் பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்ட். நான் தனியாக இருந்தேன்.

சங்கு ஊதியது. ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு இல்லை, விட்டு விட்டு அலறுகிற சங்கு. தெருவில் ஆட்கள் ஓடினார்கள். யாரோ எங்கள் கதவைத் தட்டி, "யாருங்க இந்த வூடு? கதவு இடுக்குல வெளிச்சம் தெரியுதுங்க! அணைங்க, அணைங்க!" என்று கத்தினார். நான் விளக்கிடம் ஓடினேன். தலையில் பூ இருந்தது. ஒரு பூவை எடுத்துத் திரியில் வைத்து விளக்கைக் குளிர வைத்திருக்கலாம். நான் குனிந்து வாயால் ஊதி அணைத்தேன்.

விளக்கை வாயால் ஊதக்கூடாது என்று சிறு வயதிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அக்கா. அணைந்தது என்ற சொல்லைக்கூட நம் வீடுகளில் சொல்ல மாட்டோம், மலையேறியது என்றுதான் சொல்வோம். மாமாவின் உயிருக்காக ஏற்றிய விளக்கை நான் எச்சில் வாயால் ஊதினேன். அந்த இருட்டில் நின்றுகொண்டு, அக்கா வந்து கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஜன்னல் பக்கம் போய், காகிதத்தின் கீழ் மூலையை நகத்தால் கீறிக் கீறிப் பிய்த்தேன். லேசில் வரவில்லை. கொக்கியையும் தளர்த்தி வைத்தேன்.

அக்கா வந்தார்கள். "விளக்கு என்னாச்சுடி?"

"காத்துக்கா. பேப்பரு பிஞ்சிக்கினு காத்து வந்து மலையேறிடுச்சு."

அக்கா இருட்டில் தடவித் தடவி அந்த மூலையைத் தொட்டுப் பார்த்தார்கள். "நான்தான் சரியா ஒட்டல" என்றார்கள்.

சில நாளில் தந்தி வந்தது. இங்கிலீஷ் தந்தி. தென்காசியம்மாவின் வீட்டுக்காரர் ஆபீஸில் வேலை பார்த்தவர், வாங்கிப் படித்தார். மாமாவைக் காணவில்லை என்று போட்டிருக்கிறது என்றார். "என்னா தேதியிலேருந்துங்க?" என்று அக்கா கேட்டார்கள். அவர் சொன்னார். அக்கா விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அன்னிக்குத்தாண்டி" என்றார்கள்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். நான் செல்வியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சண்டை முடிந்தது. பிளாக்கில் எல்லோரும் தண்ணீர் ஊற்றிச் சுரண்டிக் காகிதத்தை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் எடுக்க அக்கா விடவில்லை. ரேடியோவில் சேதி வரும் நேரம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். பிடிபட்டவர்களை விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, செல்வியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாமாவின் போட்டோவோடு கடலூர் கலெக்டர் ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்தார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. போன இடத்தில் எல்லாம், "பேர் இல்லைம்மா." ஊரிலிருந்து பெரியப்பா வந்து, "எத்தினி நாளைக்கு இப்படி? காரியத்தப் பண்ணிப்புடலாம்" என்றார். "காணோம்னுதான சேதி வந்துகிது? செத்துட்டாருன்னு எவன் சொன்னான்?" என்று அக்கா கத்தியது தெருவுக்கே கேட்டது. பொட்டை எடுக்கவில்லை. தாலியை எடுக்கவில்லை.

ஆனால் சாயந்தரம் விளக்கு ஏற்றும் நேரத்தில் அக்கா வேறு ஆளாகிவிடுவார்கள். ஃபேன் ஓடக்கூடாது. கதவு சாத்த வேண்டும். மாதம் ஒருமுறை புதுசாகக் கஞ்சி காய்ச்சி ஜன்னலின் அந்த மூலையில் ஒட்டின மேலேயே ஒட்டுவார்கள். சித்திரை வெயிலில் வீடு கொதிக்கும். வேர்வை சொட்டச் சொட்ட விளக்குக்கு இரண்டு கையையும் அணை கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். "என் கைதான் சரியில்லாம பூடுச்சு. அன்னிக்கு ஒழுங்கா ஒட்டியிருந்தா அவரு வந்திருப்பாரு" என்பார்கள். ஜன்னல்காரி என்று நீங்கள் சிரித்தது இதைத்தான். இந்தக் கதியில்தான் மந்தாரக்குப்பத்துக்கு நடந்து போய் ஜாக்கெட் தைத்துச் செல்வியை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தார்கள். யாரிடமும் கை நீட்டவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனார்கள். நானும் கூடப் போவேன். அவர்கள் மாமா வர வேண்டும் என்று கும்பிடுவார்கள். நான் சொல்லத் தைரியம் கொடு என்று கும்பிடுவேன். பதினாறு வருஷம் இருவருக்கும் கிடைக்கவில்லை.

போன வருஷம் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காற்றோட்டமாக வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அக்கா கேட்கவில்லை. ஒரு சாயந்தரம் விளக்கை ஏற்றிவிட்டு வந்து படுத்தார்கள். மூச்சு இழுத்தது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. செல்வி அழுதுகொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். நான் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு காத்து இல்லக்கா. நான்தான் வாயால ஊதினேன். பேப்பரையும் நான்தான் பிச்சேன்."

அக்கா என்னையே பார்த்தார்கள். திட்டுவார்கள், அறைவார்கள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப, நான் ஒட்டினது சரியாத்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். பிறகு, "ஜன்னலத் தொற" என்றார்கள்.

திறக்க வரவில்லை. அரிவாள்மனையால் காகிதத்தைக் கீறி, கொக்கியைத் தட்டித் தள்ளினேன். ஐப்பசிக் காற்று, மழை வாசனையோடு உள்ளே வந்தது. விளக்கு ஆடியது. நான் கையை அணை கொடுக்க ஓடினேன்.

"விடுடி" என்றார்கள். விளக்கு மலையேறியது.

"இதாண்டி காத்து."

என்னிடம் அக்கா கடைசியாகப் பேசியது அதுதான். மூன்றாம் நாள் போய்விட்டார்கள். என்னை மன்னித்தார்களா என்று எனக்குத் தெரியாது. பொட்டு வைத்து அனுப்பலாமா என்று பெண்கள் தயங்கினார்கள். செல்விதான் வைத்தாள், பெரிதாக.

செல்வி, இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லோரோடும் சேர்த்துத்தான் நீயும் படிக்கிறாய்.

அக்காவை மடியில் சாய்த்துக் கஞ்சி புகட்டிய தென்காசியம்மாவுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த டாக்டருக்கும், வேலையும் மரியாதையும் கொடுத்த மந்தாரக்குப்பம் தையல் கடைக்காரருக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு தோள் கொடுத்த பிளாக் ஆண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நினைவு நாளன்று எல்லோரும் வாருங்கள். ஜன்னல் திறந்துதான் இருக்கும்.

கண்ணாடியிலிருந்த காகிதத்தைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வாரமாகத் தண்ணீர் தெளித்து ஊற வைக்கிறேன், சுரண்டுகிறேன். அந்தக் கீழ் மூலை மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறார்கள் என் அக்கா.