பில்சுன் விற்ற கனவு

தென்கொரியாவில், தேகு நகரத்தின் ஓரத்தில், பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டினாற்போல் இருக்கும் இறுதிச்சடங்கு மண்டபத்தில் பில்சுன் சமையல்காரி. மேல்மாடியில் யார் யாரைப் பறிகொடுத்து அழுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. எத்தனை பேருக்குக் காரமான மாட்டிறைச்சிச் சாறு வேண்டும் என்பது மட்டும் தெரியும். அழுது வீங்கிய முகத்தோடு வருகிறவர்கள்கூட இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள். அதில் அவளுக்கு ஒரு சின்ன பெருமை உண்டு.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் கட்டட வேலையில் முதுகைத் தொலைத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். ஒரே மகன் சியோலில். அவனுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள், குழந்தை இல்லை. பில்சுன் தனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: மாதம் ஒருமுறை பள்ளித் தோழிகள் இருவரோடு மலையேறுவது. அந்த ஒருநாளுக்காக மற்றவர்களின் பண்டிகை நாள் ஷிப்டுகளையெல்லாம் அவள் வாங்கிக்கொள்வாள். ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

தோழிகளில் இன்டோக் விதவை, துணிக்கடை வைத்திருக்கிறாள். ஓக்நானுக்குப் புருஷன் இருக்கிறார்; இருந்தும் இல்லாத மாதிரிதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இலைகள் சிவந்திருந்த அக்டோபரில், ஆயிரம் வருடத்துக்கு மேலான ஒரு புத்தர் கோயிலுக்குப் போகலாம் என்று சொன்னவள் இன்டோக். மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறை இடுக்கில் இருக்கும் கோயில். "நாம யாருமே போனதில்லையே" என்றாள்.

பஸ்ஸில் பில்சுன் வாயை அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தாள். ஓக்நான் விடவில்லை. "என்னடி, திருடித் தின்ன மாதிரி தானா சிரிச்சுக்கிட்டு வர்றே?"

"ராத்திரி ஒரு கனவு."

"ஆம்பளையா?"

"மீனுடி. மண்டபத்துல பாத்திரம் கழுவிட்டு நிக்கிறேன். தொட்டித் தண்ணிக்குள்ளேருந்து ஒரு கெண்டை. குழந்தை அளவுக்கு இருக்கு, செதிலெல்லாம் தங்கமா மின்னுது. துள்ளி நேரா என் மடியில வந்து விழுந்துச்சு. ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்."

இருவரும் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்கள். மடியில் மீன் விழுந்தால் என்னவென்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது பிள்ளைக் கனவு. வயிற்றில் சுமப்பவளுக்கே வர வேண்டும் என்பதில்லை. அவளுக்காக மாமியாருக்கு வரும், சிநேகிதிக்கும் வரும்.

"மருமககிட்ட சொன்னியா?" என்றாள் இன்டோக்.

"எங்கேருந்து சொல்றது? டாக்டர்கிட்ட போறதையே நிறுத்திட்டாங்க. போன மாசம் பையன் போன் பண்ணி, அம்மா, இனிமே சொஹிகிட்ட குழந்தைப் பேச்சே எடுக்காதேன்னுட்டான். இந்தக் கனவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"அப்ப எனக்கு வித்துடு."

கனவை விற்பதும் வாங்குவதும் அவர்களுக்குள் புதிதில்லை. விளையாட்டுப் போலத்தான் நடக்கும். ஆனால் வாங்குகிறவள் கையிலிருந்து ஏதாவது ஒரு பொருள் மாற வேண்டும். மாறிவிட்டால் கனவும் அதன் பலனும் அவளுக்கு. அப்புறம் விளையாட்டு இல்லை.

"உனக்கு எதுக்குடி பிள்ளைக் கனவு? இந்த வயசுல பெத்துக்கப் போறியா?"

"லாட்டரி வாங்கத்தான். பெரிய மீனுன்னா பணமும் வரும்." இன்டோக் கழுத்திலிருந்த ஊதாப் பட்டுத்துணியை ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தாள். அவள் கடையிலேயே விலை கூடிய சரக்கு அது. பில்சுனின் கழுத்தில் அவளே சுற்றி முடிச்சும் போட்டாள். "வித்தேன்னு சொல்லு."

"சொல்லேன்டி" என்று ஓக்நான் தொடையில் தட்டினாள். "வீட்டுல வெச்சா புளிச்சுப் போயிடும்."

பில்சுன் சிரித்துக்கொண்டே, "வித்தேன்" என்றாள்.

மலை ஏறத் தொடங்கியதுமே பில்சுனுக்கு மனசு கேட்கவில்லை. பையன் பேச்சை நிறுத்திவிட்டான், சரி. டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிட்டார்கள், சரி. ஆனாலும் அத்தனை பெரிய மீன் வழிதவறியா தன் மடிக்கு வரும்? இத்தனை வருடம் காத்திருந்துவிட்டு, வந்த அன்றைக்கே ஒரு கழுத்துத் துணிக்குக் கொடுத்துவிட்டாளே. பைன் மரங்களுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறும்போது அவள் முடிவு செய்துகொண்டாள்: கோயிலில் தனியாகப் பார்த்து இன்டோக்கிடம் திருப்பிக் கேட்டுவிட வேண்டும். லாட்டரிக்குத்தானே, கொடுத்துவிடுவாள்.

பாதி வழியில் பாறையில் உட்கார்ந்து, விடியற்காலையில் எழுந்து கடற்பாசித் தாளில் சோற்றை வைத்துச் சுருட்டிய கிம்பாப்பை எடுத்து நீட்டினாள். ஓக்நான் இரண்டிரண்டாக வாயில் போட்டுக்கொண்டாள். இன்டோக் வயிறு சரியில்லை என்று ஆரஞ்சு உரித்தாள்.

கோயிலில் கூட்டம். கல் விளக்குத்தூணுக்கு முன்னால் போட்டோவுக்கு வரிசை, கும்பிடப் போகிற இடத்தில் செருப்புக் குவியல். உள்ளே பில்சுன் தரைமெத்தையைப் போட்டு விழுந்து கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற இன்டோக் தன் மெத்தையை எடுத்துக்கொண்டு எதிர் ஓரத்துக்குப் போய்விட்டாள். நெரிசல் என்று பில்சுன் நினைத்துக்கொண்டாள்.

மதியம் கோயில் சாப்பாட்டு வரிசையில்தான் விஷயம் உடைந்தது. கீரையும் காளானும் போட்ட சோற்றுக் கிண்ணங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தொண்டுக்கார அம்மா இன்டோக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"வாங்க, வாங்க. பொண்ணு எப்படி இருக்கா? வயித்துல இப்ப ஏழு மாசம் ஆகியிருக்குமே? போன தடவை நீங்க ரெண்டு பேரும் வந்து கும்பிட்டது வீண் போகாது, பாருங்க." கரண்டி இன்டோக்கையும் ஓக்நானையும் காட்டியது. பிறகு பில்சுனைப் பார்த்து, "இந்த அக்கா யாரு, புதுசா?" என்றாள்.

"புதுசுதான்" என்றாள் பில்சுன்.

மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, கோயில் வழக்கப்படி ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார்கள். அவரவர் கிண்ணத்தை அவரவர் கழுவும் கல்தொட்டிக்கு வந்த பிறகுதான் பில்சுன் கேட்டாள்.

"ஏழு மாசம். எனக்கு மட்டும் லாட்டரியா?"

"உனக்கு மனசு கஷ்டமாயிருக்கும்னுதான்டி" என்று ஓக்நான் முந்திக்கொண்டாள். "உன் மருமகளுக்கு இல்லாதப்ப, இவ பொண்ணு உண்டாயிருக்கான்னு எப்படிச் சொல்றது? உனக்காகத்தான் மறைச்சோம்."

பில்சுன் அதை நம்பத் தயாராக இருந்தாள். அது நல்ல பொய். அதோடு விட்டிருந்தால் கீழே இறங்கி அரிசிக் கள்ளு குடித்து அழுது தீர்த்திருப்பார்கள்.

"அப்படின்னா கனவைக் கேட்டு வாங்கியிருக்கலாமே. உன் பொண்ணு காயொங்குக்குன்னு சொல்லியிருந்தா சும்மாவே கொடுத்திருப்பேனே. அவளை நான் முதுகுல கட்டித் தூக்கினவடி." கழுத்துத் துணியை அவிழ்த்து நீட்டினாள். "இந்தா."

இன்டோக் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஈரக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "வித்தது வித்ததுதான்."

"பிடிடி."

"கிட்ட வராத, பில்சுன்." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது இன்டோக்குக்கு உறைத்தது. குரல் இறங்கியது. "சம்பந்தி வீட்டுல சொல்லிட்டாங்க. பிள்ளை பிறக்கிற வரைக்கும் சாவு வீட்டு வாடையே படக்கூடாதுன்னு. நீ தினம் அங்கேருந்து வர்ற. எனக்கு அதுலல்லாம் நம்பிக்கை இல்லைதான். ஆனா பேரக்குழந்தையாச்சே."

போன மாதம் இன்டோக் வீட்டு வாசலில் காலில் நெறுநெறுத்த உப்பு பில்சுனின் நினைவுக்கு வந்தது. கிம்ச்சி ஊறுகாய்க்குக் கொட்டியது சிந்தியிருக்கும் என்று அவள் குனிந்து கூட்டிவேறு தள்ளியிருந்தாள். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களுக்காகத் தூவுகிற உப்பு. தனக்காகத் தூவியதைத் தானே கூட்டியிருக்கிறாள்.

"உன் புருஷன் போனப்ப, மூணு நாளும் வந்தவங்களுக்கெல்லாம் இந்தக் கைதான் ஆக்கிப் போட்டுச்சு" என்றாள். "உன் வாயில சாறு ஊட்டினதும் இதேதான். அப்ப வாடை தெரியலையா?"

இன்டோக் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சுருட்டின சோறு ஆகாது. பக்கத்துல நின்னு கும்பிட்டா ஆகாது. என் தலைக்குள்ளேருந்து வந்த கனவு மட்டும் எப்படிடி ஆகுது? அதுவும் மண்டபத்துத் தொட்டியிலேருந்து வந்த மீனுதானே?"

பின்னால் கிண்ணத்தோடு நின்ற பெண் ஒருத்தி, "அக்கா, கொஞ்சம் நகர்றீங்களா?" என்றாள். பில்சுன் நகர்ந்தாள்.

இறங்கும்போது அவள் முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே சொன்னாள்: "நீ வாங்கினது பாதிக் கனவு. மிச்சத்தை நான் பஸ்ஸுல சொல்லலை."

"மிச்சமா?" இன்டோக் குச்சியை ஊன்றி வேகமாக வந்தாள். கிட்ட வராதே என்றவள் இப்போது முழங்கை இடிக்க நடந்தாள். "மீனைப் பிடிச்சேன்னியே, அப்புறம் என்ன ஆச்சு?"

பில்சுன் நடையை நிறுத்தவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மீனைக் கட்டிப்பிடித்த இடத்திலேயே அலாரம் அடித்துவிட்டது. அது இன்டோக்குக்குத் தெரியாது. பாறை வளைவுகளில், மரப்படிகளில், ஓடைப் பாலத்தில் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். "நழுவிடுச்சா? சொல்லுடி. செத்துப்போச்சா?" ஓக்நான் ஒருமுறை, "விளையாடாத பில்சுன், அவ மூஞ்சியப் பாரு" என்றாள். பில்சுன் பார்க்கவில்லை. ஒவ்வொரு கேள்வியும் அவளுக்கு இதமாக இருந்தது. அந்த இதம் பிடிக்கவும் இல்லை.

தேகுவில் பஸ் நின்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஊர் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் இன்டோக் அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. ஏழு மாத வயிற்றோடு வீட்டில் இருக்கும் மகளை நினைத்துத்தான் அந்த வெளுப்பு என்று பில்சுனுக்குத் தெரிந்தது. காயொங் ஒரு பாவமும் அறியாதவள்.

"உயிரோடதான் இருந்துச்சு" என்றாள் பில்சுன். "நல்ல கனம். துள்ளிக்கிட்டே இருந்துச்சு."

இன்டோக் விட்ட மூச்சு அழுகை போல வந்தது. பஸ் வந்து நின்றது. ஓக்நான் பழையபடி குரலை உயர்த்தி, "சரி, சரி, முடிஞ்சுது. அடுத்த மாசம் கடல் பக்கம் போகலாம்டி, என்ன?" என்றாள்.

பில்சுன் கையை விடுவித்துக்கொண்டு படியில் ஏறினாள்.

"அடுத்த மாசம் எனக்கு வேலை இருக்கு" என்றாள்.